கரித்திட்டின் சுமை எண்

ரேஷன் கடை வாசலில் மாட்டியிருந்த பலகையில் எண் மறுபடியும் இறங்கியிருந்தது. நேற்று அறுபத்து மூன்று, இன்று அறுபத்து இரண்டு. தாரணி தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். வேறு ஊராக இருந்தால் இதற்குக் கேசரி கிளறியிருப்பார்கள். கரித்திட்டு குப்பத்தில் அது கெட்ட செய்தி.

"இன்னாம்மா நின்னுட்டே? ஸ்கூலுக்கு நேரமாவுது," என்றாள் மகள் நேத்ரா. பத்து வயதுப் பெண். அவள் பேசும்போதெல்லாம் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் ஒன்று கூடவே வரும்.

"நம்பர் கொறையுதுடி."

"கொறஞ்சா நல்லதுதானே? நெஞ்சுல புண்ணு ஆறிக்கினு வருதுன்னு அர்த்தம். மிஸ்ஸு சொன்னாங்க."

"நல்லதுதான். ஆனா அறுபதுக்குக் கீழ போச்சுன்னா ஃபாக்டரியக் கொண்டாந்து வெச்சிருவானுங்க. அறுபதுக்கு மேல இருந்தா, இந்த ஜனம் ஏற்கெனவே தாங்க முடியாத அளவுக்குத் தாங்கிக்கினு கீது, இனிமே இங்க எதுவும் வரக்கூடாதுன்னு சட்டம்."

நேத்ரா அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "அப்போ நாம எப்பவும் இருமிக்கினே இருக்கணுமா?"

"வாய மூடிக்கினு நட," என்றாள் தாரணி. பதில் தெரியாத எல்லா அம்மாக்களும் சொல்லும் பதில் அது.

சட்டத்தை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைக் கொண்டுவரப் போராடியவர்களில் அவளும் ஒருத்தி. நகரத்து வண்டிகளெல்லாம் பேட்டரிக்கு மாறிய காலம் அது. நகரம் புகை விடுவதை நிறுத்தியது, வானம் நீலமானது, அதைப் படம் பிடித்துப் போட்டு எல்லோரும் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். செத்துப்போன பேட்டரிகள் எங்கே போகின்றன என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அவற்றை எங்காவது உடைத்து உருக்கித்தானே ஆக வேண்டும்? மறுசுழற்சி என்றால் நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. அந்த நல்ல காரியம் நம் தெருவில் மட்டும் வேண்டாம் என்று நகரத்தில் இருந்த அத்தனை தெருக்களும் சொல்லிவிட்டன. மிச்சமிருந்தது, அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏரிக்கும் கழிமுகத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த கரித்திட்டு.

அப்போதெல்லாம் காற்றை அளந்துதான் அனுமதி கொடுப்பார்கள். கம்பெனிக்காரர்கள் கருவியைக் காற்று வராத பக்கமாகப் பார்த்து நட்டுவிட்டு, இங்கே எல்லாம் சுத்தம் என்று தாள் நீட்டுவார்கள். "காத்த அளக்காத, எங்கள அள!" என்று கத்திக்கொண்டு பெண்கள் கலெக்டர் அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். நேத்ரா வயிற்றில் இருக்க, தாரணி முன் வரிசையில் இருந்தாள். கேட்டதைக் கொடுத்தார்கள். ஊரில் எல்லோருடைய கழுத்தெலும்புக்குக் கீழேயும் சுண்டைக்காய் அளவில் ஒரு பட்டனை ஒட்டினார்கள். நுரையீரல் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை அது ஓயாமல் அளக்கும். ஊரார் எல்லோருடைய அளவையும் கூட்டிச் சராசரி போட்டால் வருவதுதான் சுமை எண். உடம்பு பொய் சொல்லாது. அந்த எண்ணைக் காட்டியே இதுவரை வந்த கம்பெனிகளையெல்லாம் கரித்திட்டு திருப்பி அனுப்பியிருந்தது. ஊர்ச் சங்கச் செயலாளர் தாரணிக்கு அதில் ஒரு தலைக்கனமே உண்டு.

இப்போது பேட்டரி உருக்க நவமீள் என்று புதிதாக ஒரு கம்பெனி விண்ணப்பித்திருந்தது. வெள்ளிக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். அன்று காலை பலகை காட்டும் எண்தான் கணக்கு.

எண் இறங்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்று தாரணி நம்பியிருந்தாள். நோயாளி ஊரைவிட்டுப் போனால் அவனுடைய நோயும் கணக்கிலிருந்து போய்விடும். போன தடவை இரண்டு வீட்டார் பிள்ளைகளைச் சொந்தக்காரர்களிடம் அனுப்பியதில் எண் அறுபதுக்குக் கீழே போகாமல் மயிரிழையில் தப்பியது. அதனால்தான் இந்த முறை அம்மன் கோவிலில் எல்லோரையும் கூட்டிச் சூடம் அணைக்கச் சொன்னாள். கூட்டம் முடியும்வரை ஊர் மண்ணை விட்டு யாரும் போவதில்லை என்று சத்தியம். ஏலகிரியிலிருந்து அவளுடைய அக்கா தினமும் ஃபோன் செய்தாள். "புள்ளைய இங்க அனுப்புடி. மலைக் காத்து. பத்து நாள்ல தேறிடுவா." தாரணி முடியாது என்றாள். சொல்லிவிட்டு, நேத்ராவின் நெஞ்சில் காதை வைத்துப் படுத்துக் கிடந்தாள். அந்த விசில் சத்தம் இருக்கும்வரை பிள்ளை மூச்சு விடுகிறாள் என்று அர்த்தம். சத்தம் குறைந்தாலும் பயம், கூடினாலும் பயம்.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வீடு வீடாகப் போனாள். பேபியக்கா துணைக்கு வந்தாள். சங்கத்தின் பொருளாளர், தெருவின் ஒலிபெருக்கி, எல்லாம் அவள்தான்.

"யாரும் போவலடி. அத்தினி பேரும் கீறாங்க. நீ ஏன் போலீஸ்காரி மாரி வந்து நிக்கிறே?" என்றாள் பேபியக்கா, நாலு வீடு பார்ப்பதற்குள்ளேயே.

"அப்புறம் நம்பர் எப்பிடிக்கா கொறையுது?"

"மெஷின்தானே? மழைக்கு நமத்துப் போயிருக்கும்."

"மழையே பெய்யலியேக்கா."

பேபியக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். பேச்சில் தோற்கும்போது அவள் செய்யும் வேலை அது. அந்த நேரம் பார்த்து அவளுடைய பேரன் டயர் உருட்டிக்கொண்டு சந்துக்குள் ஓடி வந்தான். போன மாதம்வரை நாலடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன்.

"ஷோக்கா ஓடுறானேக்கா!"

"கண்ணு வெக்காதடி, பாவி!" என்று பேபியக்கா அவனை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கதவைச் சாத்திய வேகம் தாரணிக்கு என்னவோபோல் இருந்தது.

சாயங்காலம் பள்ளி வாசலில் நேத்ரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "எங்க க்ளாஸ்ல இப்ப நான் மட்டுந்தாம்மா இருமுறேன்."

"மத்த பசங்க?"

"அவுங்களுக்கெல்லாம் சரியாயிருச்சு. அவுங்கதான் கடலுக்குப் போறாங்களே. என்னய மட்டும் யாரும் கூப்புடல."

"எந்தக் கடலுக்குடி?"

நேத்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நைனா சொல்லிச்சு."

தாரணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே கடற்கரைக்குப் போனாள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கணவன் லோகு படகில் ஐஸ் பெட்டி வைக்கும் இடத்தில் பாயை விரித்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் படகுகளிலும் பாய், தலையணை, பால் புட்டி. மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குப் பால் புட்டி எதற்கு?

"சூடம் அணச்சி சத்தியம் பண்ணீங்களே!" என்றாள்.

லோகு நிமிர்ந்து பார்த்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம் இல்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்துக் களைத்துப்போன முகம். "ஊர் மண்ண வுட்டுப் போவக் கூடாதுன்னுதானே சொன்னே? கடல் வேற ஊரா? நம்ம ஊருதான."

"வெளையாடாத, லோகு."

"வெளையாடல. அம்மன் மேல ஆணையா, எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சோம்." அவன் சொன்னது உண்மைதான். கரித்திட்டில் யாரைக் கேட்டாலும் ஊர் கரையோடு முடிகிறது என்று சொல்ல மாட்டார்கள். பாறைக்கும் நீரோட்டத்துக்கும் பாட்டன் காலத்துப் பெயர் வைத்து, கலங்கரை விளக்கம் கண்ணுக்கு மறைகிற தூரம்வரை தங்கள் தெருவாகவே நினைக்கிற ஜனம். "மொதல்ல பேபியக்கா பேரன இட்டுக்கினு போனேன். கடல்ல கீற கல் மேட்டத் தாண்டிட்டா கெழக்கால காத்து. சாம்ப வாசனையே கெடையாது. ராவு பூரா போட்லயே தூங்குனான். காலைல கொண்டாந்து வுட்டேன். நாலே நாள்ல விசில் போச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து கேட்டாங்க. ஒரு புள்ள மூச்சு வுட்டா நம்பரு கொறஞ்சிருமான்னு நெனச்சேன்."

"அத்தினி பேரும் அப்பிடித்தான் நெனச்சிருக்கீங்க."

"ஆமா."

"எம் புள்ளய மட்டும் ஏன் வுட்டுட்டே?"

லோகு பாயின் சுருக்கத்தை நீவினான். "நேத்ராவுக்கு விசில் நின்னா ஒனுக்குத் தெரிஞ்சிரும். நீதான் நெஞ்சுலயே காத வெச்சிக்கினு படுத்திருக்கியே. தெரிஞ்சா எல்லாப் புள்ளைங்களையும் போட்லருந்து எறக்கிருவே."

தாரணிக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் மேல் சாய்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. படகுகளை நிறுத்தத்தான் வந்திருந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தைகூட வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் நேத்ரா அவள் கையை உதறிவிட்டுப் படகில் ஏறிப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். தாரணி அவளை இறக்கவில்லை. தானும் ஏறினாள்.

கல் மேட்டைத் தாண்டியதும் காற்று மாறியது. உப்பும் ஈரமுமாக, வேறு எதுவுமே கலக்காத காற்று. தாரணி வழக்கம்போல மகளின் நெஞ்சில் காதை வைத்தாள். விசில் முதலில் மெலிந்தது, பிறகு விட்டு விட்டு வந்தது, கடைசியில் நின்றே போனது. வெறும் மூச்சு மட்டும் கேட்டது. அதை அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை. பதறிப்போய் நேத்ராவை உலுக்கி எழுப்பினாள். "இன்னாம்மா?" என்று சிணுங்கிவிட்டு அவள் மறுபடி தூங்கிப் போனாள்.

காலையில் கரைக்குத் திரும்பியபோது பலகை அறுபத்து ஒன்று காட்டியது.

புதன்கிழமை மாலை வலைக் கொட்டகையில் ஊரைக் கூட்டினாள். யாரையும் திட்டவில்லை. திட்டுகிற யோக்கியதை தனக்குப் போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். "இப்பிடியே போனா வெள்ளிக்கெழம அறுபதுக்குக் கீழ எறங்கிரும். நவமீள்காரன் உள்ள வந்துருவான். அந்த பேட்டரிப் பொகை வந்துச்சுன்னா கல் மேட்டத் தாண்டியும் வரும். அப்புறம் புள்ளைங்கள எங்க இட்டுக்கினு போவோம்? ரெண்டே நாளு. போட்ட நிறுத்தணும்."

பேபியக்காதான் எழுந்தாள். "சரி. நேத்ராவ மொதல்ல எறக்கு. அப்புறம் நாங்க எறக்குறோம்."

தாரணி வாயைத் திறந்தாள். விசில் இல்லாத அந்த மூச்சு இன்னும் காதில் இருந்தது. "எறக்குறேன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊர் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னால முடியாதுக்கா," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. லோகு தொண்டையைச் செருமினான். "நம்பரு புள்ளைங்களுது மட்டும் இல்லியே. எல்லார் நெஞ்சையும் சேர்த்துத்தான கணக்கு? புள்ளைங்க கொறச்சா கொறைக்கட்டும். நாம ஏத்துவோம்."

"எப்பிடிடா ஏத்துவே?" என்றாள் பேபியக்கா.

"சாம்ப ஏரி மேல போயி குந்துவோம். மூஞ்சில துணி கட்டாம."

முதலில் சிலர் சிரித்தார்கள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அடங்கிவிட்டார்கள். எங்களை அள என்று அன்று கத்தியது தாரணியின் குரல்தான். அளந்துகொண்டேதான் இருக்கிறார்கள். இதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளால் வேறு எதைச் சொல்ல முடியும்?

யார் போவது என்பதில் சண்டை வரவில்லை. அதற்கு ஊரில் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. கழிமுகத்தில் இறால் படும் இடம் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் இன்று யாருக்கு முறை என்று பானையில் கை விட்டுத்தான் தீர்மானிப்பார்கள். வீட்டுக்கொரு மரக்கட்டை, வலையில் கட்டும் மிதவைக் கட்டைதான். அதில் அந்த வீட்டின் அடையாளம் செதுக்கியிருக்கும். எந்தக் கட்டை கையில் வருகிறதோ அந்த வீட்டுக்கு அன்று முறை. அதே பானையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். மாசமாயிருக்கிறவர்களையும் இதய நோயாளிகளையும் விலக்கினார்கள். முதல் கட்டை பேபியக்காவுக்கு வந்தது. "இறாலுக்கு ஒரு நாளாவது இப்பிடி மொதல்ல வந்துருக்கா, பாரு," என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்தடுத்து வந்ததில் தாரணி வீட்டுக் கட்டையும் இருந்தது.

வியாழக்கிழமை வெயில் சுள்ளென்று இருந்தது. ஏரிக் கரைமேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். மதியக் காற்று சாம்பலைக் கிளப்பிக் கிளப்பி முகத்தில் அறைந்தது. வழக்கமாக அந்தப் பக்கம் போகிறவர்கள் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். இன்று எல்லோரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசினார்கள். பேபியக்கா தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை தூங்கிப்போன கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். சிரித்தால் இன்னும் ஆழமாக உள்ளே போகும் என்று யாரோ சொன்னதும் அதற்கும் சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. லோகு குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினான். அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்த தாரணி தன் நெஞ்சுக்குள்ளும் அந்த மெல்லிய விசிலைக் கேட்டாள். அது அவளைப் பயமுறுத்தியது. கூடவே ஒரு கேவலமான நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அதிகாரி நிவேதிதா வந்திருந்தார். சின்ன வயது, பொறுமையாகப் பேசுகிறவர். ஏழை ஜனங்களின் தலையில் எல்லாவற்றையும் கொட்டுவது அநியாயம் என்று மனதார நம்புகிறவர். நவமீள் ஆட்கள் முன் வரிசையில் இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நிவேதிதா திரையைப் பார்த்து வாசித்தார்.

"கரித்திட்டு குப்பம், இன்றைய சுமை எண் அறுபத்து நான்கு. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

கைதட்டல் எழுந்து பாதியிலேயே இருமலாக மாறியது. வெளியே யாரோ சரவெடி கொளுத்தினார்கள். பேபியக்கா ஓடிப்போய்த் திட்டி அணைக்க வைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் நிவேதிதா தாரணியைத் தனியாகக் கூப்பிட்டார். "தாரணிம்மா, ஒண்ணு கேக்கணும். பசங்களோட அளவு மட்டும் தனியா பார்த்தேன். ரொம்ப நல்லா இறங்கியிருக்கு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா பெரியவங்களுக்கு ஒரே நாள்ல எகிறியிருக்கே. என்ன ஆச்சு?"

தாரணி அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பெண் அழவும் செய்வார். அழுதுகொண்டே, எண் செல்லாது என்று எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இருக்கிறது.

"வயசாவுதுல்ல மேடம்."

நிவேதிதா அவள் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார். "உடம்ப பாத்துக்குங்க. அடுத்த விண்ணப்பம் ஏற்கெனவே வந்து கிடக்கு, சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். ஆனா பயப்படாதீங்க. உங்க எண் இப்படியே இருக்கிறவரைக்கும் யாரும் உங்களைத் தொட முடியாது."

இப்படியே இருக்கிறவரைக்கும். வீடு திரும்பும் வழியெல்லாம் அதுவே தாரணியின் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

படகுகள் நிற்கவில்லை. பிள்ளைகள் மாலையில் கடலுக்குப் போனார்கள், காலையில் பள்ளிக்குப் போனார்கள். நேத்ரா ஓட்டப் பந்தயத்தில் பெயர் கொடுத்தாள். பெரியவர்கள் முறை வைத்துக்கொண்டு சாம்பல் ஏரிக்குப் போனார்கள். அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் யாரும் மூச்சு விடவில்லை. லோகுவுக்கு இப்போது வலையை ஒரே இழுப்பாக இழுக்க முடியவில்லை. நடுவில் நின்று நின்று இழுத்தான். நைனாவுக்குச் சளி என்று நேத்ராவிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் கேட்டுக்கொண்டாள், திருப்பி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவ்வளவு கேள்வி கேட்கிற பெண் சும்மா இருந்ததைத் தாரணி கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முந்தின வாரம் வலைக் கொட்டகையில் மறுபடியும் பானையை வைத்தார்கள். முதல் கட்டையை எடுக்கத் தாரணி கை விட்டாள். விரலில் பட்டது மரம் மாதிரி இல்லை, மெத்தென்று இருந்தது. எடுத்துப் பார்த்தாள். பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய சின்னத் துண்டு. நீல நிறம். ஒற்றைச் செருப்பு தொலைந்துவிட்டது என்று போன வாரம் நேத்ரா சொன்னாள், அவளும் திட்டினாள். அதில் பிளேடால் கோணல்மாணலாக ஒரு மீன் கீறியிருந்தது. அவர்கள் வீட்டு அடையாளம்.

பானைக்குள் எட்டிப் பார்த்தாள். மரக்கட்டைகளுக்கு நடுவே சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று செருப்புத் துண்டுகள் நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வீட்டின் அடையாளம் கோணலாகக் கீறியிருந்தது. பிள்ளைகள் தங்கள் முறைக்கும் கட்டை போட்டிருந்தார்கள்.

"யாரு கட்டைடி?" என்று எதிரே உட்கார்ந்திருந்த பேபியக்கா இருமலுக்கு நடுவே கேட்டாள்.

தாரணி கையை இறுக மூடிக்கொண்டாள்.

"என்னுதுக்கா," என்றாள். பிறகு, வேறு யாரும் உள்ளே கை விடுவதற்கு முன், பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.